சமயத்துக்குப் போன சமையல் புத்தகம்: சிறு நூலகத்தில் தவறான வகைகளைத் திருத்த ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தெரு நூலகத்துக்கு ஒருநாள் ஓர் அம்மா ஊறுகாய்ப் புத்தகம் கேட்டு வந்தார். கணினியில் தேடினால் 'இருக்கிறது' என்று வருகிறது. சமையல் அலமாரியில் இல்லை. அரை மணி நேரம் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுப் பார்த்த பிறகு, சமயம் அலமாரியில் இரண்டு சொற்பொழிவுத் தொகுப்புகளுக்கு நடுவே அது பவ்யமாக உட்கார்ந்திருந்தது. முதுகில் ஒட்டிய லேபிளும் 'சமயம்' என்றே சொன்னது.

காரணம் தேடினால் சிரிப்புதான் வந்தது. கூகுள் ஷீட்ஸில் வகைப் பட்டியலை அகர வரிசையில் வைத்திருந்தோம். 'சம' என்று தட்டினால் முதலில் சமயம் வரும், அப்புறம் சமூகம், கடைசியில்தான் சமையல். அவசரத்தில் யாரோ என்டரைத் தட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து லேபிள் எழுதியவர் எழுதினார், லேபிளைப் பார்த்து அடுக்கியவர் அடுக்கினார். மூன்று பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்த ஒரு புத்தகத்தில் தொடங்கி மொத்த நூலகத்தையும் புரட்டிப் போட்டோம். தெரு நூலகம், பள்ளி நூலகம், சங்க நூலகம், வீட்டில் நாலு அலமாரி என்று எதுவானாலும் இந்த முறை ஒத்துவரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பிழைகளில் பாதிக்கு மேல் ஆட்களின் கவனக்குறைவு என்று நினைத்துத்தான் இறங்கினோம். முடிக்கும்போது, வகைகளையே தப்பாகப் பிரித்து வைத்திருந்தோம் என்று தெரிந்தது.

முதல் படி: எதையும் தொடாதீர்கள்

தப்பு கண்ணில் பட்டவுடன் கை பரபரக்கும். லேபிளைக் கிழித்து ஒட்டத் தோன்றும். வேண்டாம். முதலில் கணினிப் பட்டியலை அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு, யாரும் திறக்காத இடத்தில் வையுங்கள். அலமாரிகளை மேலிருந்து கீழாக, முதுகுகள் தெரியும்படி, தட்டுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் குழம்பினால் திரும்பி வர ஓர் இடம் வேண்டும்.

அப்புறம் வந்த வரிசையில் எண் போட்ட பதிவேடு ஒன்று இருக்கும் அல்லவா, அந்த எண்தான் உங்கள் அச்சாணி. புத்தகத்தின் வகை மாறலாம், தட்டு மாறலாம், லேபிள் நிறம் மாறலாம். எண் மட்டும் எந்தக் காலத்திலும் மாறக்கூடாது. பதிவேடே இல்லை, எண்ணும் இல்லை என்றால், இன்றே உள்பக்கத்தில் பென்சிலால் எண் போட ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் படி: எந்தத் தப்பு என்று பிரியுங்கள்

'வகை தப்பாக இருக்கிறது' என்பது ஒரே நோய் போலத் தெரியும். உண்மையில் மூன்று. ஒரே வகையைப் பல விதமாக எழுதியிருப்பது ஒன்று. சரியான வகைகள் இருந்தும் புத்தகம் இடம் மாறியிருப்பது இன்னொன்று. வகையே சரியில்லாமல் இருப்பது மூன்றாவது. மருந்து மூன்றுக்கும் வேறு வேறு. மூன்றையும் ஒரே நாளில் திருத்த உட்கார்ந்தால் எது எப்போது மாறியது என்பது யாருக்கும் தெரியாது.

பட்டியலில் வகை நெடுவரிசையை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வகைக்கும் எத்தனை புத்தகம் என்று பிவட் டேபிள் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை வரும் வகைகள் பெரும்பாலும் எழுத்துப் பிழை. எதிர்பாராமல் பெருத்திருக்கும் வகை பெரும்பாலும் மூன்றாவது நோய். எங்களிடம் 'பொது' என்பதுதான் மிகப் பெரிய வகையாக இருந்தது. ஒன்றுமே பொதுவில்லாத புத்தகங்களை எல்லாம் அதில் தள்ளியிருந்தோம்.

மூன்றாம் படி: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

தமிழில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும் தொல்லைகள் சில உண்டு. இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் சுத்தம் செய்ய இறங்கினால் பைத்தியம் பிடிக்கும்.

முதலாவது ஔகாரம். 'கௌ' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தைத் தட்டிவிடுவது. 'பௌத்தம்', 'பெளத்தம்' இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு முதலாவது பகரமும் ஔகாரக் குறியும். இரண்டாவது 'பெ' என்ற எழுத்து, அதற்குப் பிறகு தனியாக ஒரு ளகரம். பௌத்தப் புத்தகங்கள் எங்களிடம் இரண்டு வகையாகப் பிரிந்து நின்றதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது ஒகர, ஓகாரக் குறிகள். 'கொ' என்பதை யூனிகோடில், அதாவது கணினிகள் எழுத்துகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் குறியீட்டு முறையில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள், அல்லது ககரம், கொம்பு, கால் என்று மூன்று. யூனிகோடின் விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் அந்தச் சமத்தைப் பார்க்காமல் குறியீட்டை மட்டும் ஒப்பிடும் நிரல்கள் நிறைய. சந்தேகம் வந்தால் எக்செலில் 'லென்' சூத்திரத்தால் நீளம் பாருங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு நீளம் வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். 'ஸ்ரீ' எழுத்தும் இப்படித்தான்: சிலர் கணினியில் அது ஸகரத்தில் தொடங்கும், சிலர் கணினியில் ஶகரத்தில்.

கடைசியில் இடைவெளி. 'நாவல்' என்று எழுதிய பிறகு ஒரு தட்டு அதிகமாக விழுந்திருக்கும். 'ட்ரிம்' சூத்திரம் இதைச் சுத்தம் செய்துவிடும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டியபோது கூடவே வந்த, வரி உடையாத தனி ரக இடைவெளி ஒன்று உண்டு, குறியீட்டு எண் 160. அதை 'ட்ரிம்' தொடாது. 'சப்ஸ்டிட்யூட்' வைத்து அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டுத்தான் 'ட்ரிம்' போட வேண்டும்.

பழைய பட்டியல் யூனிகோடு அல்லாத, பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால், எழுத்துருவை மாற்றியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பயப்பட வேண்டாம். இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இவற்றைக் கையால் தேட முடியாத அளவுக்குப் பட்டியல் பெரிதென்றால் ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒன்றுபோல இருக்கும் சொற்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துக் காட்டி, 'இவை எல்லாம் ஒன்றா' என்று கேட்கும். அருமையான கருவி. ஆனால் எல்லாவற்றுக்கும் 'ஆம்' சொல்லிவிடாதீர்கள். எத்தனை எழுத்து மாற்றினால் இந்தச் சொல் அந்தச் சொல்லாகும் என்று கணக்குப் போடும் முறை ஒன்று அதில் உண்டு. அந்தக் கணக்கில் கதைக்கும் கவிதைக்கும் வித்தியாசம் ஒரு வகரமும் ஓர் இகரக் குறியும் மட்டுமே. சமயமும் சமையலும் அதே தூரம்தான். கருவிக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நான்காம் படி: கூட்டமாக இடம் மாறியவை

தனித்தனியாகத் தப்பிய புத்தகங்களைத் தேடுவதற்கு முன், மொத்தமாகத் தப்பியவற்றைத் தேடுங்கள். பட்டியலைப் புத்தக எண் வரிசையில் அடுக்கி, வகை நெடுவரிசையை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். நன்கொடையாக வந்த கலவையான பெட்டி ஒன்றில் நாற்பது புத்தகம் தொடர்ந்து 'வரலாறு' என்று இருந்தால், யாரோ செல்லின் மூலையைப் பிடித்து கீழே இழுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இதைவிட மோசமானது, ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்துவது. எக்செல் 'பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்துக்கொள்ளவா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தலைப்புகள் அப்படியே நிற்க, வகைகள் மட்டும் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துவிடும். சந்தேகம் இருந்தால் தலைப்பிலேயே விஷயம் தெரியும் பத்துப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள்: தென்னை வளர்ப்பு, எளிய கணிதம், ஆங்கில இலக்கணம் மாதிரி. பத்தில் ஏழெட்டு பொருந்தவில்லை என்றால் ஒவ்வொன்றாகத் திருத்த உட்காராதீர்கள். பழைய நகலைத் தேடுங்கள். கூகுள் ஷீட்ஸில் பதிப்பு வரலாறு பார்த்து, கலைந்த நாளுக்கு முந்தைய நிலைக்குப் போய்விடலாம்.

ஐந்தாம் படி: தலைப்பை நம்பாதீர்கள்

தனிப் புத்தகங்கள் இடம் மாறுவதற்கு முதல் காரணம் தலைப்பு. சோழர் காலத்தில் நடக்கும் நாவல் வரலாற்றுக்குப் போய்விடும். தலைப்பில் 'மரம்' என்று இருந்ததால் ஒரு கவிதைத் தொகுப்பு எங்களிடம் வேளாண்மையில் இரண்டு வருடம் இருந்தது. அதை யாரும் எடுக்கவே இல்லை. விவசாயம் தேடி வந்தவர் திறந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார், கவிதை தேடி வந்தவர் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு புத்தகத்தின் வகையை முடிவு செய்ய ஐந்து இடங்களைப் பாருங்கள்: தலைப்புப் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே சின்னதாக இருக்கும் வரி, அதன் பின்பக்கத்து விவரங்கள், பொருளடக்கம், முன்னுரையின் முதல் இரண்டு பக்கம், பின்னட்டை. பின்னட்டையைக் கடைசியில் சொன்னது வேண்டுமென்றேதான். அது விற்பதற்காக எழுதியது.

அப்படியும் இரண்டு வகைக்கு நடுவில் நின்றால் ஒரே கேள்வி: எதைத் தேடி வருபவர் இதைக் கையில் எடுத்தால் சந்தோஷப்படுவார்? புத்தகம் எதைப் பற்றியது என்று கேட்டால் விவாதம் முடியாது. யாருக்கு என்று கேட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

சில புத்தகங்களுக்கு அதுவும் உதவாது. திருக்குறள் இலக்கியமா, அறநெறியா? தேவாரம் இலக்கியமா, சமயமா? இதற்கு 'சரியான' விடை கிடையாது, 'நம் விடை' மட்டும்தான் உண்டு. நூலகங்கள் புத்தகங்களுக்கு எண் கொடுக்கப் பயன்படுத்தும் டியூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண்ணும், இந்து சமயத்துக்கு 294.5 என்ற எண்ணும் இருக்கின்றன. எதில் வைக்கிறீர்களோ, மூலமும் உரையும் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். ஓர் உரை இங்கே, இன்னோர் உரை அங்கே என்று இருப்பதுதான் பிழை.

ஆறாம் படி: வகையே தப்பாக இருந்தால்

இதுதான் பெரிய வேலை. எங்கள் பழைய வகைப் பட்டியலில் சிலவற்றைக் கொடுக்கிறேன்: நாவல், சிறுகதை, மொழிபெயர்ப்பு, சிறுவர், பெண்கள், பரிசு பெற்றவை, ஆங்கிலம், வரலாறு, பொது.

பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்: பரிசு வாங்கிய, மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த, சிறுவர்களுக்கான நாவல். எங்கே வைப்பீர்கள்? நான்கு இடமும் சரி. நான்கு தன்னார்வலர்கள் நான்கு இடத்தில் வைத்தால் யாரைத் திட்டுவது? நாவல் என்பது வடிவம், மொழிபெயர்ப்பு என்பது வந்த வழி, சிறுவர் என்பது வாசகர், பரிசு என்பது புத்தகத்துக்கு நடந்தது, ஆங்கிலம் என்பது மொழி. ஐந்து வேறு வேறு கேள்விகளின் விடைகளை ஒரே பட்டியலில் போட்டுவிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறோம்.

இந்தச் சிக்கலை உட்கார்ந்து அவிழ்த்தவர் நம் சீர்காழிக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன், பிறப்பு 1892. கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக நியமித்தார்கள். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே தகடுகளையும் திருகாணிகளையும் வைத்து வேறு வேறு பொம்மை செய்யலாம் அல்லவா, அது அவருக்குப் பொறி தட்டியது என்பார்கள். உலகத்தில் உள்ள பாடங்களை எல்லாம் முன்கூட்டியே பெட்டி பெட்டியாகப் பிரித்துவைப்பதை விட்டுவிட்டு, ஒரு புத்தகத்தைப் பற்றிய தனித்தனிக் கேள்விகளுக்கு விடை எழுதி, அவற்றை ஒன்றாகப் பூட்டிவிடலாம் என்பது அவர் வழி. பூட்டுவதற்கு அவர் பயன்படுத்திய நிறுத்தக்குறி முக்காற்புள்ளி. அதனால்தான் 1933ல் வந்த அந்த முறைக்குக் கோலன் பகுப்பு என்று பெயர். ஒரு படியில் ஒரே ஓர் அடிப்படையில்தான் பிரிக்க வேண்டும் என்பதில் அவர் கறார்.

தெரு நூலகத்துக்குக் கோலன் பகுப்பு வேண்டாம், நாங்களும் அதைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டது அந்தக் கறாரை மட்டும். ஒரு 'வகை' நெடுவரிசையை நான்காகப் பிரித்தோம்: மொழி, வாசகர் வயது, வடிவம், பொருள். மொழிபெயர்ப்பா, பரிசு பெற்றதா என்பவை தனியாக ஆம், இல்லை என்று போகும். அலமாரியில் எங்கே நிற்கும் என்பதற்கு ஒரு வரிசை முடிவு செய்தோம்: முதலில் வயது, அடுத்து மொழி, அடுத்து கதை கவிதை நாடகமானால் வடிவம், மற்றவற்றுக்குப் பொருள். அந்த மலையாள நாவல் இப்போது சிறுவர், தமிழ், நாவல். பரிசு பெற்றவை எவை என்று யாராவது கேட்டால் பட்டியலில் வடிகட்டிக் கொடுத்துவிடலாம்.

ஊரறிந்த முறைகளும் இந்தத் தப்புக்கு விலக்கல்ல. 1876ல் வெளியான டியூயி முறையில் சமயத்துக்கு ஒதுக்கிய 200 வரிசையைப் பாருங்கள். 220 முதல் 280 வரையிலான எண்களில் பெரும்பகுதி விவிலியமும் கிறிஸ்தவமும். மற்ற உலகச் சமயங்கள் எல்லாம் 290க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நம் ஊரில் அந்த எண்களை அப்படியே எடுத்தால் ஒரு தட்டு காலியாகக் கிடக்கும், பக்கத்துத் தட்டு பிதுங்கும். உங்கள் தட்டில் எது அதிகமோ அதைப் பிரியுங்கள், எது குறைவோ அதைச் சேருங்கள்.

ஒவ்வொரு வகைக்கும் மூன்று வரி எழுதி ஒட்டுங்கள்: எது வரும், எது வராது, எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு புத்தகம். எங்கள் வரலாறு வகைக்கு இப்படி: 'நடந்தவற்றைப் பற்றிய கட்டுரை நூல்கள், கல்வெட்டு, ஊர் வரலாறு. வரலாற்று நாவல் வராது. தன்வரலாறு, அரசியல்வாதியுடையதே ஆனாலும், வாழ்க்கை வரலாற்றுக்குப் போகும்.' 'வராது' என்ற வரிதான் முக்கியம். அதை எழுதாத வகை ஆறு மாதத்தில் 'பொது' ஆகிவிடும்.

ஏழாம் படி: ஐம்பது புத்தக ஒத்திகை

புதிய வகைகளை எல்லாப் புத்தகங்களுக்கும் போடுவதற்கு முன், கைக்கு வந்த ஐம்பது புத்தகங்களை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். பேசிக்கொள்ளாமல் வகை எழுதட்டும். பிறகு ஒப்பிடுங்கள். இருவரும் வேறுபடும் இடத்தில் யார் சரி என்று பஞ்சாயத்து வைக்காதீர்கள். விதியைத் திருத்துங்கள். எங்களுக்குச் 'சமூகம்' என்ற வகையில்தான் அதிகம் முட்டிக்கொண்டது. சாதி பற்றிய ஆய்வும், தன்னம்பிக்கை நூலும், வரதட்சணைச் சட்டமும் அதில் வந்து விழுந்தன. சட்டத்தைத் தனியாக்கினோம், தன்னம்பிக்கையைத் தனியாக்கினோம். சண்டை அடங்கியது.

எட்டாம் படி: இப்போது திருத்துங்கள்

பட்டியலில் பழைய வகை நெடுவரிசையை அழிக்காதீர்கள். பக்கத்தில் 'புதிய வகை', 'மாற்றிய தேதி', 'மாற்றியவர்' என்று மூன்று சேருங்கள். இரண்டு பழைய வகைகளை ஒன்றாக்குவது சுலபம்: பழையதும் புதியதுமாக ஒரு சின்ன அட்டவணை போட்டு, அதில் தேடி நிரப்பும் வி-லுக்அப் சூத்திரம் வைத்தால் ஒரு நொடியில் முடியும். ஒன்றை இரண்டாகப் பிரிப்பதற்குக் குறுக்கு வழி இல்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு நாள் கணக்குப் போடுங்கள். நாங்கள் ஒரு வார இறுதி என்று சொல்லிவிட்டு ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம்.

ஒரு நாளைக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டுக்குப் பட்டியல், பதிவேடு, முதுகு லேபிள், இடம் நான்கையும் அன்றைக்கே முடித்துவிட்டுத்தான் அடுத்த தட்டு. பட்டியலை எல்லாம் முதலில் திருத்திவிடுவோம், லேபிளை அப்புறம் பார்க்கலாம் என்று போனால், அந்த 'அப்புறம்' வரும்வரை நூலகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பதிவேட்டில் வொய்ட்னர் போடாதீர்கள். ஒரே கோடாக அடித்து, மேலே புதியதை எழுதி, சுருக்கொப்பம் இடுங்கள்.

இரவலில் வெளியே இருக்கும் புத்தகங்களை எல்லாரும் மறப்பார்கள். இரவல் பதிவில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு சீட்டு: 'திரும்பி வந்ததும் லேபிள் மாற்று.' இல்லாவிட்டால் நாலு மாதம் கழித்து ஒரு பழைய 'பொது' வந்து நிற்கும்.

ஒன்பதாம் படி: மறுபடி நுழையாமல் இருக்க

வகைப் பட்டியலில் இல்லாத எதையும் ஏற்காதபடி டேட்டா வேலிடேஷன் போடுங்கள். பெயருக்கு முன்னால் ஒரு எண் சேர்த்தால் 'சம' தொல்லையும் போய்விடும்: '21 சமயம்', '64 சமையல்'. தட்டுபவர் 64 என்று தட்டினால் சமயத்துக்குப் போக வழியில்லை.

'வகை தெரியவில்லை' என்று ஒரு பெட்டி வையுங்கள். கூச்சமில்லாமல் அதில் போடச் சொல்லுங்கள், வாரம் ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து காலி செய்யுங்கள். இப்படி ஓர் இடம் இல்லாததால்தான் முன்பெல்லாம் அவசரத்தில் ஏதோ ஒன்றை எழுதினோம். அப்புறம் மாதம் ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு இருபது புத்தகம் உருவி, லேபிளும் பட்டியலும் உள்ளடக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

இத்தனையும் முடித்து நிமிர்ந்த அடுத்த வாரமே நன்கொடைப் பெட்டியில் ஒரு புத்தகம் வந்தது: கோயில் பிரசாதங்களும் அவற்றின் செய்முறைகளும். புளியோதரை, அக்காரவடிசல், இன்ன கோயிலில் இன்ன நாளில் இன்ன நைவேத்தியம் என்று முன்பாதி முழுக்கத் தல வரலாறு, பின்பாதி அளவுகள். இரண்டு பேரிடம் கொடுத்தோம். ஒருவர் 21 என்று எழுதினார், இன்னொருவர் 64. 'யார் எடுத்தால் சந்தோஷப்படுவார்' என்று கேட்டுப் பார்த்தோம், இருவரும் தத்தம் அம்மாவைச் சொன்னார்கள். கடைசியில் சமையலின் விதியில் 'அளவு கொடுத்திருந்தால் இங்கே' என்று ஒரு வரி சேர்த்து, 64 என்று ஒட்டினோம். முதல் ஆளாக அதை எடுத்துப் போனவர் அந்த ஊறுகாய் அம்மாதான். திருப்பிக் கொடுக்கும்போது, நேரே சமயம் அலமாரிக்குப் போய் வைத்துவிட்டுப் போனார்.